குடிகாரன் அல்ல என்று எழுதிய தகடு

என்னை அடித்தவர்கள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்றைக்கு முதல் அடி என்னுடையது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வயதில் எனக்கு நீரிழிவு என்று தெரிந்தது. மாத்திரைக்கு அடங்காத வகை. தினமும் காலையில் தொடையில் இன்சுலின் ஊசி. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தோலைத் துடைத்து, நானே குத்திக்கொள்வேன். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்துப் புட்டியை ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் வைத்திருப்போம். ஊசி போட்டுக்கொண்டவன் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தவறினால் ரத்தத்தில் சர்க்கரை சரிந்துவிடும். வேர்க்கும், கை நடுங்கும், அப்புறம் புத்தி போய்விடும். சிலர் அப்படியே சுருண்டு விழுவார்கள். நான் விழுகிற ஆள் இல்லை. அடிக்கிற ஆள்.

அறுபதுகளின் பின்பாதி அது. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. மனைவி பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நான் கடற்கரை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்பெனியில் சுருக்கெழுத்தாளன். ஆபீஸில் என் வியாதி யாருக்கும் தெரியாது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அன்று மதியச் சோற்றில் பாதி சாப்பிட்டபோது மேலாளர் கூப்பிட்டார். கடிதத்துக்கு மேல் கடிதமாகச் சொல்லிக்கொண்டே போனார். நாலு மணிக்குத் தின்ன வேண்டிய பிஸ்கட் பைக்குள்ளேயே கிடந்தது. சாப்பிட இரண்டு நிமிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் மருந்துக் கடைக்குப் போய், டாக்டர் சீட்டைக் காட்டி ஒரு பாட்டில் ஸ்பிரிட் வாங்கினேன். மதுவிலக்கு இருந்த காலம், ஸ்பிரிட்டையும் வார்னிஷையும் குடிக்கிறவர்கள் உண்டு என்பதால் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். அதை டிபன் டப்பாவோடு ரெக்ஸின் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். உட்கார இடமில்லை. மீனம்பாக்கம் வரை நினைவிருக்கிறது. எதிரே நின்றவருடைய சட்டைப் பொத்தான்களை எண்ணினேன். நாலா ஐந்தா என்று முடிவுக்கு வர முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது.

தாம்பரத்தில் இறங்கி ஸ்டேஷனுக்கு வெளியே வந்திருக்கிறேன். அங்கே ஒரு அம்மாள் கூடையில் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருப்பார். நேராகப் போய் ஒரு சீப்பைப் பிடுங்கித் தோலோடு கடித்தேனாம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்தார். நான் பையைச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தேன். உள்ளே டப்பாவும் பாட்டிலும். இடது புருவத்துக்கு மேல் நெற்றி பிளந்தது. பாட்டில் உடைந்து ஸ்பிரிட் என் சட்டையெல்லாம் வழிந்தது.

அந்த வாசனை போதுமானதாக இருந்தது.

"வார்னிஷ் அட்ச்சிட்டு வந்துகீறான்டா பேமானி" என்று யாரோ கத்த, சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், என்னோடு ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "பொம்பளய அடிக்கிறியா? பொம்பளய அடிக்கிறியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. நான் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. ஒருவன் கட்டைவிரலைக் கடித்துவிட்டேன். அதற்காக அவன் செருப்புக் காலால் வாயில் உதைத்தான். முன்பல் இரண்டு போயின. சைக்கிள் பம்ப்பால் தோளில் போட்டார்கள். காறை எலும்பு முறிந்தது. கீழே விழுந்த பிறகும் நிறுத்தவில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த தபால்காரர் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். கூட்டத்துக்குள் நுழையத் தைரியம் வராமல் சைக்கிளை எங்கள் வீட்டுக்கு மிதித்து, என் மனைவியைக் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். அவள் சர்க்கரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். கூட்டத்தைப் பிளந்து உள்ளே போய் என் மேல் கவிழ்ந்து படுத்தாள். அவள் முதுகிலும் ஒரு உதை விழுந்தது.

"இன்னாம்மா, குடிகாரனுக்குச் சக்கர ஊட்டுறியா?" என்று ஒருவன் கேட்டான்.

"அடிங்க. நான் வேண்டாங்கல. இந்தச் சர்க்கரையை இவர் வாயில போட்டுடறேன், அப்புறம் அடிங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை என்று தபால்காரர் சொன்னார். வகுப்பில் பேசுகிற குரல். கூட்டம் நின்றது. அவள் என் தாடையை அழுத்தித் திறந்து, பிடி பிடியாகச் சர்க்கரையைத் திணித்தாள். அவள் விரலையும் கடித்தேன். கடித்த பல் சதைக்குள் இறங்கியபோதும் கையை எடுக்கவில்லை.

பத்து நிமிடமோ என்னமோ கழித்து நான் திரும்பி வந்தேன். வாயில் ரத்தமும் சர்க்கரையும். சுற்றிலும் கால்கள். "ஏன் தரையில படுத்திருக்கேன்?" என்று கேட்டேன். தெளிவாக, ஒழுங்காக, வாய் குழறாமல். அதைக் கேட்டதும் கால்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. அடித்தவர்களில் ஒருவர் என் செருப்பைத் தேடி எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் வந்த கான்ஸ்டபிளிடம் என் மனைவி டாக்டர் சீட்டைக் காட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்றார்.

தோளில் கட்டோடு இரண்டு வாரம் வீட்டில் கிடந்தேன். நடக்க முடிந்ததும் அந்தப் பழக்கார அம்மாளைப் பார்க்க இருவரும் போனோம். இரும்புலியூர் பக்கம் ஓலைக் குடிசை. நெற்றியில் ஏழு தையல், கண் இன்னும் பாதி மூடியபடி. என்னைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். அதுதான் எனக்கு மிகப் பெரிய அடி. நான் வாசலிலேயே நின்றேன். என் மனைவிதான் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டு முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "குடிச்சவன் எவன்யா வாயப்பயத்தப் புடுங்குவான்? எனக்கு அப்பவே டவுட்டுதான். ஆனா நீ சொல்லலியே."

"சொல்ல முடியாதும்மா. அந்த நேரத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப எயுதி மாட்டிக்கோ. வாய் இல்லாதவன் வேற இன்னா பண்ணுவான்? எனக்குப் படிக்கத் தெரியாது. கூட்டத்துல எவனாவது படிப்பான்ல."

நடந்தே வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் மனைவி சொன்னாள், "வெளிநாட்டுல அப்படி மாட்டிக்கறாங்களாம். டாக்டர் ஒருதடவை சொன்னார். நான்தான் கவனிக்கல."

தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடை. வாசலில் உட்கார்ந்து ஒருவர் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பாத்திரங்களில் பேர் வெட்டுவார். அவரிடம் ஒரு வெள்ளித் தகடு கொண்டுபோய்க் கொடுத்தோம். தீப்பெட்டியில் பாதி அளவு. என்ன எழுத வேண்டும் என்று மனைவி காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். அவர் படித்துவிட்டு என் தோளில் போட்டிருந்த கட்டையும் பல் போன வாயையும் பார்த்தார்.

"அடிக்காதீங்கன்னு ஒரு வரி போடட்டுமா சார்? இடம் கீது."

"வேண்டாம்" என்றேன்.

"போடுங்க" என்றாள் அவள்.

கடைசியில் அந்த வரி இல்லாமல், அவள் காகிதத்தில் இருந்தபடியே மூன்று வரி. நீரிழிவு நோயாளி. குடிகாரன் அல்ல. வாயில் சர்க்கரை போடவும். பின்பக்கம் அதையே இங்கிலீஷில். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவள் சொன்னாள். நான் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். ஆபீஸில் யாராவது படித்துவிட்டால்? சபையில் இரண்டு பேர் கயிற்றைப் பார்த்துவிட்டு, கர்த்தரை நம்புகிறவன் தாயத்து கட்டலாமா என்று கேட்டார்கள். தாயத்து என்றே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வெட்கத்துக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் பலன் கிடைத்தது. ரயில் நடுவழியில் நெடுநேரம் நின்றுவிட்ட ஒரு சாயங்காலம். பெட்டியில் பக்கத்தில் நின்ற ஒருவரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி நொறுக்கி, அவர் கழுத்தைப் பிடித்துவிட்டேன். பல்லாவரத்தில் என்னை இழுத்துப் பிளாட்பாரத்தில் தள்ளினார்கள். சிமென்ட் பெஞ்சில் தலை மோதியது. நாலைந்து பேர் மாறி மாறி மிதித்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தபோது அது மார்பு வரை கிழிந்தது.

"நிறுத்துப்பா. கயுத்துல இன்னாமோ எயுதிக்கீது" என்றார் ஒரு போர்ட்டர்.

அவர் தகட்டைப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை ஒருவன் என் விலாவில் உதைத்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு அதே ஆள் ஓடிப்போய் ஒரு கலர் சோடா வாங்கி வந்து என் வாயில் ஊற்றினான். நான் கண் விழித்ததும் போர்ட்டர் கேட்டார், "இத உள்ளாற போட்டு மறச்சி வெச்சா யாருக்கு சார் தெரியும்?"

மூன்று விலா எலும்பு முறிந்தது. மறுநாளே தகட்டுக்கு இரண்டு பக்கமும் துளை போட்டுச் சங்கிலி சேர்த்து வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். ஆபீஸில் மட்டும் முழுக்கைச் சட்டை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வெளி ஆட்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, வீட்டுக்குள் இருப்பவளைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நீண்டுபோனது. அன்று அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வந்த காய்கறிகளின் ஏலம் முடியவே மதியம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என் சட்டை வேர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு மனைவி சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தாள். அவள் என்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. இது மட்டும் எனக்கே நினைவிருக்கிறது, யாரும் சொல்லவில்லை. டம்ளரில் விஷம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். கையை வீசினேன். தகட்டின் மூலை அவள் உதட்டில் பாய்ந்து மோவாய் வரை கிழித்தது. கோயிலுக்கு உடுத்திய வெள்ளைப் புடவை மார்பில் சிவந்தது. அவள் ஓடவில்லை. என் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் வளைத்து, மிச்சத் தண்ணீரைத் தொண்டையில் இறக்கினாள். அவள் ரத்தமும் அதில் சொட்டியது.

தெளிந்ததும் கேட்டேன், "நான் செஞ்சதா?"

எப்போதும் "நீங்க இல்லைங்க, சர்க்கரைதான்" என்பாள். அன்று துணியால் வாயை அழுத்திக்கொண்டு, "ஆமா" என்றாள்.

தையல் பிரித்த மறுநாள் அவளே தகட்டை எடுத்துக்கொண்டு போய், நாலு மூலையையும் அரத்தால் தேய்த்து மழுக்கிக்கொண்டு வந்தாள். என் கையில் கட்டிவிட்டுச் சொன்னாள், "ஆபீஸ்ல சொல்லிடுங்க. வேலை போனா போகட்டும். எத்தனை பேரு அடி வாங்குறது?"

திங்கட்கிழமை அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேலாளர் அறையில் குறிப்பேட்டை மேசைமேல் வைத்துவிட்டு, கையை அவர் முன்னால் நீட்டினேன். அவர் ஒரு பக்கம் படித்தார். திருப்பி மறுபக்கமும் படித்தார். "எத்தனை வருஷமா?" என்றார். சொன்னேன். "முட்டாள்" என்றார். வேலை போகவில்லை. மணியடித்துக் கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டு, தினமும் நாலு மணிக்கு என் மேசையில் டீயும் பிஸ்கட்டும் வைக்கச் சொன்னார். நான் அவர் கண்ணெதிரே சாப்பிட்ட பிறகுதான் அடுத்த கடிதம் தொடங்கும்.

சர்க்கரை சரிவது அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை, குறைந்தது. வீட்டில் மட்டும் ஏற்பாடு மாறியது. என் கண் ஒருமாதிரி நிலைகுத்துவதைப் பார்த்தால் என் மனைவி பேச்சுக் கொடுக்கமாட்டாள், டம்ளரை நீட்டமாட்டாள். பின்னால் வந்து என் இரண்டு கையையும் நாற்காலியோடு சேர்த்துப் புடவைத் தலைப்பால் கட்டிவிடுவாள். வாய் திறக்க மறுத்தால் கன்னத்தில் ஓங்கி இரண்டு அறை. திறந்ததும் சர்க்கரை. நல்ல பலமான கை அவளுக்கு. தெளிந்து எழுந்ததும் கண்ணாடியில் பார்ப்பேன். ஐந்து விரலும் தெரியும்.

"கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மெதுவா அடிச்சா வாய் திறக்க மாட்டேங்கறீங்க" என்று சொல்லிவிட்டு, சோறு போடப் போனாள்.