உலகமெல்லாம் சமைத்தேன், மீன் குழம்பு தவிர

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் படையல். என் மனைவி சுகுணாவுக்கு.

முதல் நாளே அவள் தங்கை வசந்தி போன் பண்ணிவிட்டாள். "மாமா, அக்காவுக்குப் பிடிச்சது என்னென்ன வைக்கணும்? சொல்லுங்க, வாங்கியாந்துடறேன்."

தெரியாமலா கேட்டாள்? உப்பளம் பகுதியில் எங்கள் தெருவுக்கே தெரியும். சுகுணாவுக்குச் சங்கரா மீன் குழம்பு. அதுவும் முதல் நாள் வைத்தது, மறுநாள் காலை இட்லியோடு. அதற்கு மேல் இந்த உலகத்தில் அவளுக்கு ஒன்றும் தேவையில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். இந்த ஆள் வீட்டில் மீன் குழம்பா? மொராக்கோ, மெக்சிகோ என்றுதானே எழுதிக்கொண்டிருந்தார்?

ஆமாம். யூடியூபைப் பார்த்து நான் அடித்த சமையல் கூத்தையெல்லாம் எழுதி உங்களைச் சிரிக்க வைத்தேன். மெக்சிகோ சோள ரொட்டி அப்பளமாக நொறுங்கியது. மொராக்கோ கறியில் பேரீச்சம்பழம் போட்டதைப் படித்துவிட்டு அரியாங்குப்பம் வாசகர் ஒருவர், "சார், அது குருமாவா, பாயசமா?" என்று கேட்டிருந்தார். வியட்நாம் சூப்பை, சைகோனில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் (தெருவில் எல்லோருக்கும் அவர் 'மதாம்') கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது சைகோன் போவல தம்பி, கடலூரே தாண்டல" என்றார்.

ஏன் திடீரென்று கரண்டியைப் பிடித்தேன் என்று மட்டும் எழுதவில்லை. சுகுணா வேண்டாம் என்றிருந்தாள். ஊர் அவளைப் பார்த்துப் பரிதாபப்படுவது அவளுக்குப் பிடிக்காது.

இப்போது சொல்லலாம். அவளுக்குப் புற்றுநோய்.

கீமோ தொடங்கிய அன்றைக்கே நர்ஸ் எங்களிடம் ஒன்று சொன்னார். "ஊசி போடற சமயத்துல ரொம்பப் பிடிச்ச சாப்பாடக் குடுக்காதீங்க சார். சாப்பிட்டு வாந்தி வந்துச்சுன்னா, அது மேலயே ஒரு வெறுப்பு வந்துடும். அப்பறம் உடம்பு தேறினாலும் தொட மாட்டாங்க."

உடம்பு தேறினாலும்... அந்த வார்த்தையைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் தேறி வரும்போது அவளுடைய மீன் குழம்பு அவளுக்குப் பழைய ருசியோடு இருக்க வேண்டும். அதுவரை அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அப்படியென்றால் எதைக் கொடுப்பது? நமக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்ச் சாப்பாட்டைக் கொடுப்போம். மொராக்கோ மேல் அவளுக்கு வெறுப்பு வந்தால் வரட்டுமே, எங்களுக்கு என்ன நஷ்டம்?

இப்படித்தான் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாடு என்று ஆனது. சிலதை இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். சிலது வாசனையிலேயே திரும்பிப் போனது. பிரெஞ்சு வெங்காய சூப் மட்டும் ஒரு கிண்ணம் முழுசாக இறங்கியது. அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

நடுவில் ஒருநாள் கேட்டாள். "ஏங்க, சங்கரா வாங்கியாந்து ஒரு கொழம்பு வைங்களேன்."

"ஊசி முடியட்டும் சுகுணா. முடிஞ்ச அன்னிக்கே வைக்கிறேன்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

ஊசி முடியவில்லை. டாக்டர் பாதியில் நிறுத்தினார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ன ஆசைப்படறாங்களோ குடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத வயசா எனக்கு?

மறுநாள் காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். சங்கரா வாங்கி வந்து, கழுவி, புளியை ஊற வைத்தேன். திரும்பினால் சமையலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி சுகுணா நிற்கிறாள். புளிக் கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னா செய்யப் போறீங்க?"

"தாய்லாந்து மீன் சூப்" என்றேன். ஏனோ வாயில் அதுதான் வந்தது.

அவள் முகம் தெளிந்தது — சத்தியமாகச் சொல்கிறேன், தெளிந்தது. "செய்யுங்க, செய்யுங்க" என்று போய்ப் படுத்துக்கொண்டாள். புளியைக் கொட்டிவிட்டு, எலுமிச்சைப் புல்லைத் தட்டிப் போட்டு சூப்தான் வைத்தேன். கொஞ்சம் குடித்தாள். "நல்லாருக்கு" என்றாள். அந்த வாரமே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்தப் புளிக் கிண்ணம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வாய்விட்டுக் கேட்டவளுக்குக் கடைசிவரை அதை வைத்துக் கொடுக்காத பாவி நான். கையில் மீன் இருந்தது, புளி இருந்தது, ஆசைப்பட்டவளும் எதிரில் இருந்தாள். எதற்காகப் பொய் சொன்னேன்?

படையலன்று காலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வசந்தியிடம் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அக்கா வேணும்னேதான் மாமா கேக்காம இருந்துச்சு. எங்கிட்ட சொல்லிருக்கு. 'ஒங்க மாமா அந்தக் கொழம்ப எடுத்து வச்சிருக்காருடி. அத வைக்காத வரைக்கும் நான் பொழச்சுக்குவேன்னு நம்பறாரு. வச்சிட்டாருன்னா என்னைக் கைவுட்டுட்டாருன்னு அர்த்தம். நான் இனிமே கேக்க மாட்டேன்'னுச்சு."

எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றினேன். எல்லோரும் கும்பிட்டார்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் வந்திருந்தது.

டாக்டர் அவளைக் கைவிட்டது ஊசியை நிறுத்திய அன்றைக்கு. நான் கைவிட்டது போன ஞாயிற்றுக்கிழமை.