அண்ணைக்கு அனுப்பிய குரல்

கனடாவில், மார்க்கம் நகரில் எங்கள் முதியோர் சங்கத்தில் மாதம் ஒருமுறை 'அந்தக்கால வானொலி' என்று ஒரு கூட்டம் நடக்கும். நாடகம், நேயர் விருப்பம், விளம்பரப் பாட்டு என்று ஆளாளுக்கு உருகுவார்கள். நான் தேத்தண்ணி குடித்து, வடை சூடாக இருந்தால் இரண்டாவதும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அது அவ்வளவு பொற்காலம் என்றால் ரேடியோவைத் தட்டித் தட்டியே ஏன் கேட்டோம் என்று கேட்க வாய் உன்னும். கேட்டதில்லை.

எங்கள் அப்பா அந்த நாடகங்களில் நடித்தவர். கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். வேலை முடிந்து கலையகத்துக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரராகவோ டொக்டராகவோ நாலு வரி பேசிவிட்டு வருவார். ஒலிபரப்பாகும் நாளில் அம்மா நேரத்தோடு சமைத்து முடித்து எங்களை ரேடியோவுக்கு முன்னால் இருத்துவார். அப்பாவும் இருப்பார். தன் குரல் வந்தவுடன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். உண்மையைச் சொன்னால் அவர் நல்ல நடிகர் இல்லை. எந்த வேடமானாலும் தான் வேலை செய்யும் கந்தோரில் கடிதம் வாசிப்பதுபோலவே பேசுவார். ஆனாலும் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அண்ணைக்கும் எனக்கும் தலைகால் புரியாது.

ஒரேயொரு நாடகம்தான் மிஞ்சியது. கலையகத்தில் வேலை செய்த நண்பர் ஒருவர் அதைக் கசெற்றில் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். அப்பா கனடா வந்தபோது அதுவும் அவருடைய பெட்டியில் வந்தது.

போன மாசி மாதம் ஜேர்மனியிலிருந்து அண்ணை போன் எடுத்தார். அவருக்கு இருதயத்தில் ஒபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"பிள்ளை, அப்பாவின்ரை கசெற் உன்னட்டைத்தானே கிடக்கு? எனக்கு அவற்ரை குரல் மறந்துபோச்சு. முகம் வருது, குரல் வரேல்லை. ஒபரேஷனுக்கு முன்னம் ஒருக்கால் கேட்கவேணும்."

"தேடிப் பார்க்கிறன் அண்ணை," என்றேன்.

அப்பாவின் செத்தவீட்டுக்கு அண்ணையால் வர முடியவில்லை. அப்போது அவருடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

கசெற் பேஸ்மென்டில் இருந்தது. கையில் எடுத்தவுடனேயே மேல் விளிம்பில் பழுத்துப்போன ஒட்டுநாடாவைக் கண்டேன். கசெற்றின் மேலே இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் தடுப்புகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. அப்பா உடைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த ஓட்டைகளை ஒட்டுநாடாவால் மூடினால் மறுபடியும் பதியலாம். கடையில் வாங்கிய பாட்டுக் கசெற்றுகளில் அந்த நாட்களில் எல்லாரும் செய்த வேலைதான்.

இதில் ஒட்டியது நான். அப்பா செத்த மறுநாள், "ரேடியோவிலை அறிவித்தல் போகேக்கை பதிஞ்சு வை, நானும் கேட்கவேணும்," என்று அண்ணை போனில் அழுதார். இங்கே தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். வீடு முழுக்க ஆட்கள். உறையில் ஒன்றும் எழுதாத கசெற் ஒன்று கையில் அகப்பட்டது. ஓட்டையைக் கண்டதும் யோசிக்காமல் ஒட்டினேன். எப்போது வாசிப்பார்கள் என்று தெரியாததால் நிகழ்ச்சி தொடங்கும்போதே பதிவை அழுத்தினேன். பிறகு அண்ணைக்குப் போனில் போட்டுக் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

இப்போது மெஷினில் போட்டேன். நகைக்கடை விளம்பரம். வேறு மூன்று பேரின் மரணம். நாலாவதாக அப்பா: யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட... பிறகு உறவினர் பட்டியல், அதில் அண்ணையும் நானும். நான் பதிவை நிறுத்திய இடத்தில் ஒரு 'டக்' சத்தம். அதற்குப் பிறகு நாடகத்தின் கடைசி ஐந்து நிமிடம் மிஞ்சியிருந்தது. அப்பா வருவது முதல் இரண்டு காட்சிகளில் மட்டும். மிஞ்சியதில் கதாநாயகியின் தகப்பனாக நடித்தவர் பேசிக்கொண்டிருந்தார்.

அழுகை வரும் என்று இருந்தேன். வரவில்லை. பக்கத்தில் உடுப்புக் காயவைக்கும் மெஷின் நின்றது. உடுப்புகளை எடுத்து மடித்தேன்.

அடுத்த நாள் அண்ணை திரும்பப் போன் எடுத்தார். உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

"கசெற் கிடைச்சது அண்ணை, ஆனால்..."

"போடு பிள்ளை, போடு. உன்ரை 'ஆனால்' எல்லாம் பிறகு."

அந்த 'டக்' சத்தத்துக்கு அங்கால் ஓட்டி நிறுத்தி, போனைப் பக்கத்தில் வைத்தேன். அந்த நடிகர் கதவுக்கு வெளியே நின்று மகளிடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல குரல். முடிந்தபோது அண்ணை விம்முவது கேட்டது.

"அப்பாதான். அப்பிடியே அப்பா. என்னண்டு மறந்தனான்?"

"ஓம் அண்ணை," என்றேன். "அப்பாதான்."

ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணை சுகமாக இருக்கிறார். அந்த ஐந்து நிமிடத்தையும் கேட்டு வாங்கிக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். இங்கே என் பேத்தி, "அம்மம்மா, உங்கடை அப்பான்ரை வொய்ஸ் சோ நைஸ்," என்றாள். நான் தலையாட்டினேன். குழுவில் எல்லாரும் இதயம் போட்டார்கள், நானும் ஒன்று போட்டேன்.

சில நாட்களில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது அப்பாவின் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். அவர் என்னைக் கூப்பிடுவது, அம்மாவோடு கதைப்பது, ஏதாவது ஒன்று. எனக்கும் இப்போது அந்த நடிகர்தான் பேசுகிறார்.