காதர் பாய் ஓட்டிவந்த சினை மாடு

கால்நடை மருந்தகங்களில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். சந்தேகப் பிராணி என்று என் வீட்டுக்காரரே சொல்வார். மாடு வாய் திறந்து பேசாது, பேசுகிற மனுஷனோ பாதியை மறைப்பான். ஆகவே சந்தேகப்படாத மாட்டு டாக்டர் உருப்பட முடியாது என்பது என் கட்சி. அந்தக் கட்சி மண்ணைக் கவ்விய கதை இது. ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது.

கொடைரோடு பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் ஜெயராணி ஒருநாள் மத்தியானம் போன் செய்தாள். "டாக்டரம்மா, புதுசா வாங்குன மாடு வண்டிய விட்டு இறங்குனதுலருந்து தள்ளாடுது. எட்டு மாசச் சினை. வெரசா வாங்க."

போனபோது வாசலில் தெருவே கூடியிருந்தது. மாட்டின் பக்கத்தில் தரகர் காதர் பாய் நின்றார். பேகம்பூர்க்காரர். நெய்க்காரப்பட்டி விவசாயி ஒருவரிடம் பேசி முடித்து, வழக்கப்படி பழைய கயிற்றை அவிழ்த்து அவரிடமே கொடுத்துவிட்டு, புதுக் கயிற்றில் மாட்டைக் கொண்டுவந்து ஒப்படைத்தவர் அவர்தான். தரகருக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. வாக்குதான் சொத்து.

மாட்டின் காதைத் தொட்டேன், சுட்டது. கொம்படியும் சூடு. ஆனால் தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. வாலடியில் விரல் வைத்தால் நாடி நூறைத் தாண்டி ஓடியது, அதுவும் நூலாக, அழுத்தமே இல்லாமல். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து எதுவும் உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். குழாய்கள் விரிந்ததும் ரத்தம் தோலுக்கும் காதுக்கும் பரவும், அதனால் சூடு. பிரஷர் விழும். அதை ஈடுகட்ட இதயம் ஓட்டமாக ஓடும். ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு எல்லா வாய்க்காலையும் திறந்துவிட்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறுமா? மாட்டுக்கு அந்தக் கடைசி வயல் மூளையும், வயிற்றில் இருக்கும் கன்றும்.

"பாய், மாட்டுக்கு என்ன ஊசி போட்டிருக்கு?"

"நான் ஒண்ணும் போடலம்மா."

போட்டது யார் என்று கேட்கவில்லையே, அதற்குள் 'நான்' எதற்கு? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப யாரு போட்டா?"

"மாடு வலி எடுக்குற மாதிரி காலை மாத்தி மாத்தி வச்சுச்சு. வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி கருவைத் தாங்குற ஊசி ரெண்டு போட்டாங்க. டாக்டர் சொல்லித்தான் போட்டாங்களாம்."

கருப்பையைத் தளர்த்துகிற அந்த மருந்து ரத்தக்குழாயையும் விரிக்கும். அளவு மீறினால் இதே கூத்துதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எந்தக் கிறுக்குப் பய டாக்டர் இம்புட்டுப் போடச் சொன்னான்? பேரைச் சொல்லுங்க."

பாய் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தபடி, "பேரு தெரியலம்மா" என்றார்.

அது போதுமே எனக்கு. சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் வயிற்றடியில் ஓடும் பால் நரம்பைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நரம்பு புடைத்திருந்தால் பால் கறக்கும் என்று கணக்கு. ஜெயராணியும் அந்த நரம்பைப் பார்த்துத்தான் மயங்கியிருந்தாள். "நரம்பு எடுப்பாத் தெரியணும்னு நீங்களே ஊசியப் போட்டுட்டு, இல்லாத டாக்டர் தலையில கட்டுறீங்களா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். ஜெயராணியின் கொழுந்தன் சேவியர், "இனிமே இந்தத் தெருப்பக்கம் வந்துறாதீரு" என்று அவரைப் பிடித்துத் தள்ளினான். ஆனால் பாய் போகவில்லை. நான் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றி முடிக்கும்வரை தெருமுனையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். குட்டு உடையுமோ என்று பயந்து நிற்கிறார் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தேன்.

சாயங்காலத்துக்குள் நாடி இறங்கியது, காது ஆறியது. வலது விலாவை அழுத்தியபோது உள்ளே கன்று உதைத்தது. ஜெயராணி அழுதேவிட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தேன். மருந்தின் வேகம் சுத்தமாகத் தணிந்தும் பால் நரம்பு அதே பருமனில்தான் இருந்தது. மாடு நிஜமாகவே நல்ல மாடு. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆள் கெட்டிக்காரன், நல்ல மாட்டுக்கும் ஊசி போட்டிருக்கிறான் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து மருந்தகத்தில் நான் தனியாக இருந்த நேரம் பார்த்து பாய் வந்தார். "மாடு தேறிருச்சாம்மா?" என்று கேட்டார். தேறிவிட்டது என்றதும் போனை எடுத்து மேஜையில் வைத்து, மாட்டை விற்றவர் தனக்கு அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்களைப் போட்டார்.

முதலில் அந்த நெய்க்காரப்பட்டி விவசாயியின் குரல். "ஏனுங்க டாக்டரம்மா, சினை மாட்ட வண்டியில ஏத்தோணுமுங்க. வலி எடுக்கறாப்புல இருக்குதுங்க. என்னங்க பண்றது?" அடுத்து வந்தது என் குரல். பின்னால் வேறொரு மாடு கத்துகிறது, நான் அவசரத்தில் இருக்கிறேன். மருந்தின் பெயரைச் சொல்லி, "ரெண்டு ஊசியா போட்டு ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறேன். மாட்டின் எடை என்ன, எந்த அளவு பாட்டில், எவ்வளவு இடைவெளி, எதையும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் முன்பு வேலை பார்த்தவள் என்பதால் அங்கிருந்து தினம் இப்படி மெசேஜ் வரும். சொன்னதும் மறந்திருக்கிறேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லல பாய்?"

"வண்டியில ஏத்துறப்ப அவரு இதப் போட்டுக் காட்டுனாரு, பேசுன டாக்டர் யாருன்னு அப்ப எனக்கும் தெரியாதும்மா. ஜெயராணி வீட்டுல நீங்க பேசவும்தான் குரலு பிடிபட்டுச்சு. மாடு சாயுது, நீங்க ஊசியக் கையில வச்சுருக்கீங்க. உங்களாலதான்னு அந்த நேரத்துல சொன்னா அவுக உங்கள மாட்டைத் தொட விடுவாகளா? ரெண்டு உசுரும் போயிருக்கும்." தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார். "ஆனா சந்தையில இப்ப ஒருத்தனும் விரலப் பிடிச்சு விலை பேச என் துண்டுக்குள்ள கை வைக்க மாட்டேங்குறான். அதான் வந்தேன்."

அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரையும் அழைத்துக்கொண்டு ஜெயராணி வீட்டுக்குப் போனேன். சேவியரைக் கூப்பிடச் சொன்னேன். அன்று நின்ற அதே சனத்தை வரவழைத்து அந்த மெசேஜை இரண்டு முறை போட்டேன். அடுத்த சந்தையிலும் நானே போய், மற்ற தரகர்கள் நடுவில் நின்று போட்டேன்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மாட்டைப் பார்க்காமல் போனில் மருந்து சொல்லாதீர்கள். சந்தேகப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் ஊசி போட்டது என்று கேட்கும்போது முதலில் உங்கள் போனைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று ஜெயராணி வீட்டு வாசலில் மெசேஜ் இரண்டாவது முறையும் ஓடி முடிந்தது. ஜெயராணிதான் கேட்டாள். "அப்ப அந்தக் கிறுக்கு டாக்டர் நீங்கதானா?"

"நான்தான்" என்றேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய் பாய்க்கு நாற்காலியை எடுத்துப் போட்டாள்.