பெரியாஸ்பத்திரி ஊசி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் அம்மாவுக்கு மார்பில் புற்று முற்றிவிட்டது. இனி அறுத்துப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த வலி ஒரே ஓர் ஊசிக்குத்தான் கட்டுப்பட்டது. போதை தரும் மருந்து என்பதால் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் மட்டுமே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டர் நோயாளியை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாமல்லபுரத்தை அடுத்த எங்கள் குப்பத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தோம். வீடு திரும்புவதற்குள் ஊசியின் வேகம் பாதி இறங்கிவிடும்.

புண் நாறியது. நான் பள்ளிக்கூட டீச்சர். அம்மாவின் புடவையில் பவுடரைக் கொட்டித்தான் கூட்டிப்போவேன்.

ஒருநாள் திரும்பும்போது, திருக்கழுக்குன்றத்தில் மீன் விற்று முடித்த ஒரு பெண் காலிக் கூடையோடு ஏறி எங்கள் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். கண்டக்டர் நேராக அவளிடம் வந்தார்.

"இன்னாம்மா, இப்பிடி நாறுது? கூடைய எடுத்துக்கினு எறங்கு."

"கயுவிட்டுத்தான் ஏறினேன் அண்ணாத்த."

அவர் விசிலடித்தார். பஸ் நின்றது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் பொண்ண ஏன் எறக்குற? நாத்தம் என்னுது. மார்ல புத்து கீது. நான் எறங்கிக்கிறேன்."

அத்தனை கண்களும் அம்மாவின் மார்புக்குப் போயின, பிறகு என்னிடம் வந்தன. பின்சீட்டில் என் மாணவி ஒருத்தியின் அப்பா இருந்தார். எனக்குக் காதெல்லாம் கொதித்தது. "உக்காரும்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அதட்டலாகத்தான் வந்தது குரல். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டு, "குந்தும்மா, குந்து" என்றார். வீடு வரை அம்மா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

ஐப்பசியில் புதிய அரசாணை வந்தது. டாக்டர் ஒருமுறை பார்த்து எழுதிக்கொடுத்தால் போதும், ஊர் சுகாதார நிலையத்து நர்ஸே வீட்டுக்கு வந்து ஊசி போடலாம். டாக்டர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"இத்த மின்னாடியே சொல்லியிருந்தா, என்னை ஊருக்கெல்லாம் காட்டியிருக்க வேணாமே சார்" என்றாள் அம்மா.

அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

முதல் நாள் வந்த நர்ஸ், "ஏன் டீச்சர் ஜன்னலெல்லாம் சாத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். பக்கத்து வீடுகளுக்கு நாற்றம் போகுமே என்று எப்படிச் சொல்வது? அவளே எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். கட்டு மாற்றி ஊசி போட்டதும், அம்மா பட்டப்பகலில் வாய் பிளந்து தூங்கினாள். எத்தனையோ மாதமாக நான் பார்க்காத தூக்கம்.

தை பிறக்கும் முன், அப்படியொரு தூக்கத்திலேயே போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள், "நோவில்லாம போய்ட்டாங்க, நீ நல்லா பாத்துக்கின" என்றார்கள். பஸ்ஸில் அவளை அதட்டி இழுத்த என்னால் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.