கணப்புக்குப் பின்னால் சமையலறை

ரெமிஜியஸ் வீட்டு முன்கூடத்தில், விறகு மூட்டிக் குளிர்காய, ஒரு கணப்பு உண்டு. பெங்களூரின் டிசம்பர் குளிருக்கு அது இல்லாமல் முடியாது என்பார். வீடு கட்டிய 1931 முதல் பன்னிரண்டு டிசம்பர்கள் அது இல்லாமலே முடிந்தன. அதில் ஒரு சுள்ளிகூட எரிந்ததில்லை.

வீடு இருந்தது ஜீவனஹள்ளியில். கடிதத் தலைப்பில் அவர், பக்கத்தில் துரை பேர் வைத்த பேட்டையைச் சேர்த்து, காக்ஸ் டவுன் என்று எழுதுவார். தபால்காரர் அதை மறுத்ததில்லை, வாசலில் நின்று "ஜீவனஹள்ளி ரெமிஜியஸ் சார்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

கண்டோன்மென்டில் ஓர் ஏலக் கடையில் அவர் குமாஸ்தா. பட்டாளத்துத் துரைகளுக்கு மாற்றல் வந்தால் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வரும். அதற்கு முதல் நாள் ரெமிஜியஸ் போய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, முத்து முத்தான கையெழுத்தில் பட்டியல் எழுதுவார். தேக்கு பீரோ, நல்ல நிலை. நாற்காலி, ஒரு கால் லேசாக ஆட்டம். இருபது வருஷமாகப் பிறர் வீட்டு உள்ளலங்காரத்தை எழுதிய மனிதருக்குத் தன் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஐயமே இருக்கவில்லை. கையில் இருந்த பணமென்னவோ நாலு சுவரும் ஓட்டுக் கூரையும் எழுப்பத்தான் காணும். உள்ளே செய்ய வேண்டியதையெல்லாம் ஏலத்தில் யாரும் கேட்காத சாமான்களை வைத்தே செய்துவிடுவதாக அவர் தீர்மானித்திருந்தார். கதவுகள் மூன்று பங்களாக்களிலிருந்து வந்தன. மூன்றும் மூன்று உயரம். அவர் வைத்திருந்த ஒரே தொப்பிக்கு ஒன்பது கொக்கி வைத்த ஒரு ஸ்டாண்டு வந்தது. கடைசியாக, இடிக்கப்பட்ட ஒரு பங்களாவிலிருந்து, கணப்பைச் சுற்றி நிற்கும் தேக்குச் சட்டமும் அதன் மேல் பலகையும் வந்தன. சட்டம் வந்துவிட்டதால் கணப்பு கட்ட வேண்டியதாயிற்று. கணப்பு வந்ததால் புகைபோக்கி.

அவர் மனைவி பிரிஜெட்டும் பங்களா பார்த்தவள்தான். அவளுடைய அப்பா ஒரு கர்னல் வீட்டில் சமையல்காரர். பின்கட்டில் செங்கல் மேடை மேல் அடுப்பு, அதற்கு மேலே புகைபோக்கி. அப்பா நின்றுகொண்டே கிளறுவார், கண்ணைக் கசக்கியதில்லை. கணவனும் மனைவியும் கண்டது ஒரே மாதிரி பங்களா. அவர் முன்வாசல் வழியாகப் போய்க் கண்டார், அவள் பின்வாசல் வழியாக. சொந்த வீடு என்றதும் இருவருக்கும் அவரவர் கண்ட பங்களா ஞாபகம் வந்தது.

"எனக்கு நின்னு சமைக்க ஒரு மேடை, புகை போக ஒரு வழி. வேற ஒண்ணும் வேணாங்க" என்றாள் பிரிஜெட்.

"அடுத்த வருஷம் செஞ்சிடலாம். முதல்ல நாலு பேர் வந்தா உட்கார்ற இடம் முடியட்டும்."

"நாலு பேர் வந்தா அவங்களுக்குச் சோறு எங்கேர்ந்து வரும்?"

ரெமிஜியஸ் சிரித்தார். நல்ல கேள்விக்கு அவர் எப்போதும் சிரிப்பார். பதில் சொல்லும் சிரமம் மிச்சம்.

ஒரு பதில் வரத்தான் செய்தது, மேஸ்திரியிடமிருந்து. முனியெல்லப்பா அடுகோடிக்காரர்; பேச்சில் தமிழும் கன்னடமும் கலந்த கலவை, சாந்தைவிடப் பதமாக இருக்கும். புகைபோக்கி பாதி எழுந்தபோது, சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு மாத்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டா சார்?" என்றார்.

"சொல்லு."

"இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதானே அம்மா சமைக்கப் போறாங்க? பின்னால ஒரு வழி உட்டுட்டா, சமையல் புகை இதே கூண்டுல ஏறிப் பூடும். முன்னால ஒரு தகடு அடிச்சு மூடிடலாம். உங்க தொரை அடுப்பு பாக்கறதுக்கு அப்படியே இருக்கும்."

"பாக்கறதுக்கு இருக்கும். எரியாதே?"

"எரிக்கவா போறீங்க சார்?"

"எரியாத கணப்பை நான் லிஸ்ட்ல என்னான்னு எழுதுவேன் தெரியுமா? டம்மின்னு எழுதுவேன். என் வீட்ல டம்மி கிடையாது, முனியெல்லப்பா."

மேஸ்திரி கரண்டியை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று இதைக் கேட்ட பிரிஜெட்டும் வந்த வழியே திரும்பினாள். அடுத்த வருஷம் என்று வாக்கு வாங்கியிருந்தாள். அவளுக்கு வாக்குகளில் நம்பிக்கை உண்டு.

முன்கூடம் முடிந்தது. சிவப்புக் காவித் தரை முகம் பார்க்கலாம் போல மின்னியது. சமையலறைச் சுவருக்குப் பூச்சு வரவில்லை. தரையில் மூன்று கல், அதில் ஈர விறகு. வெளியே திறக்கும் ஒரு கதவும், கம்பி வைத்த கை அகல ஜன்னலும் உண்டு. மழைக்காலத்தில் அவற்றின் வழியாகப் புகை வெளியே போவதற்குப் பதில் சாரல் உள்ளே வந்தது.

வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார். ஒவ்வோர் அறையாகத் தீர்த்தம் தெளித்தார். சமையலறையில் விருந்து வெந்துகொண்டிருந்ததால், அதற்கு மட்டும் வாசற்படியில் நின்று இருமிக்கொண்டே தெளித்தார். பிறகு திரு இருதய ஆண்டவர் படத்தை வீட்டில் ஸ்தாபிக்க வேண்டும். இருப்பதில் உயர்ந்த இடம் எது என்று சாமியார் சுற்றிலும் பார்த்தார். கணப்பின் மேல் பலகையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுமா? தம் கையாலேயே படத்தை அங்கே வைத்து, ஜெபம் சொல்லி, முன்னால் சிவப்புக் கண்ணாடி விளக்கும் ஏற்றினார். "கர்த்தருக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பங்குலயே இல்ல" என்றும் சொல்லிவிட்டார். அன்று ரெமிஜியஸுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

டிசம்பர் வந்தது. ரெமிஜியஸ் விறகைக் கணப்பில் அடுக்கி, கீழே பழைய ஏலப் பட்டியலைக் கசக்கிச் செருகி, தீப்பெட்டியை எடுத்தார்.

"எங்க கொளுத்தறீங்க? ஆண்டவர் காலடியிலயா?" என்றாள் பிரிஜெட்.

ரெமிஜியஸ் நிமிர்ந்து பார்த்தார். படம் சரியாக நெருப்புக்கு மேலே. இரண்டு நாள் எரித்தால் ஆண்டவர் முகத்தில் கரி ஏறிவிடும்.

"படத்தை எதிர்ச் செவுத்துக்கு மாத்திடுவோமா?"

"சாமி கையால ஸ்தாபிச்சது. நீங்க மாத்துவீங்களா?"

அவரால் முடியவில்லை. அந்தத் தெருவில் யாராலும் முடிந்திருக்காது. சாமியாரிடம் கேட்டிருக்கலாம், ஆனால் அவர் அத்தனை புகழ்ந்த இடத்தை வேண்டாம் என்று எந்த வாயால் கேட்பது? அடுக்கிய விறகைப் பிரிஜெட் வாரிக்கொண்டு போய்ச் சமையலுக்கு வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து புகைபோக்கி இருந்த அறையில் நெருப்பில்லை. நெருப்பு இருந்த அறையில் புகைபோக்கி இல்லை. நடுவில் ஒன்பது அங்குலச் சுவர்.

பிரிஜெட்டின் தம்பி ஓஸ்வால்ட், ரயில்வேயில் ஃபிட்டர். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னான்: "மாமா, உங்க வீட்ல சிம்னி ஆண்டவருக்கு. அக்காவுக்குக் கைக்குட்டை."

எல்லோரும் சிரித்தார்கள், ரெமிஜியஸும்தான். பிரிஜெட்டும் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பினால் வந்த நீரா, புகையினால் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் வந்தது. அதுவும் தனக்கென்று ஓர் அடுத்த வருஷத்தைக் கொண்டுவந்தது. ஒருமுறை வாசற்கதவுக்கு மேலே பதிக்க வண்ணக் கண்ணாடி கிடைத்தது. இன்னொரு முறை மகள் ஜூடித்தைப் பெண் பார்க்க வந்தார்கள், கூடத்து நாற்காலிகளுக்கு மெத்தை தைக்க வேண்டியிருந்தது. அவள் கல்யாணமாகித் தங்கவயலுக்குப் போனாள். ரெமிஜியஸ் கெட்டவர் இல்லை. மனைவியின் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, கண்ணில் விடப் பன்னீர் வாங்கி வந்தார், ஒருமுறை அல்ல, வருஷக்கணக்காக. அந்தப் பன்னீர்ப் புட்டிகளை அடுக்கினாலே ஒரு புகைபோக்கி உயரம் இருக்கும் என்று பிற்பாடு அவருக்கே தோன்றியது.

பிரிஜெட் தன் பங்குக்கு நன்றாக மறைத்தாள். அரிசியில் கல்லை விரலால் தடவி எடுத்தாள். ஜெபமாலைக்குக் கண் தேவையில்லை. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். அவர் ஏலத்திலிருந்து புதிதாக எதையாவது கொண்டுவந்து வழியில் வைத்தால் மட்டும் முட்டிக்கொண்டாள். "இத எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டுச் சமாளித்தாள்.

1943இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் கணப்புப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸ் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வெளக்கு ஏத்தலியாங்க?"

ரெமிஜியஸ் தலையைத் தூக்கினார். அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, சிவப்புக் கண்ணாடிக்குள், விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் இமையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பழைய நோவு, தழும்பு விழுந்துவிட்டது, புகை அதை ஆறவே விடவில்லை என்றார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

"வீட்ல என்ன அடுப்பு?"

"விறகு" என்றார் ரெமிஜியஸ்.

"சிம்னி இருக்கா?"

"இருக்கு."

டாக்டர் எழுதிக்கொண்டார். திரும்பும் வழியில், ஜட்கா வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகையில், அவள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "பொய் ஒண்ணும் சொல்லலியே நீங்க" என்றாள். தேறுதலுக்காகச் சொன்னாளா, குத்திக் காட்டச் சொன்னாளா என்று ரெமிஜியஸுக்குத் தெரியவில்லை. இரண்டுமே அவளுக்கு வரும்.

மறுநாள் காலையில் அவர் அடுகோடிக்கு நடந்தே போய் முனியெல்லப்பாவைக் கூட்டிவந்தார். மேஸ்திரிக்கு வயதாகியிருந்தது. சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, கரியால் ஒரு சதுரம் போட்டு, உளியை வைத்தார். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரெமிஜியஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேடை எழுப்பும்போது, "எத்தனை ஒசரம் சார்?" என்று கேட்டார்.

"அம்மா உயரத்துக்கு."

மேஸ்திரி ஆறடி மனிதரான ரெமிஜியஸை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே சமைக்கப் போறது நீங்கதானே சார்?"

"அம்மா உயரத்துக்குக் கட்டு முனியெல்லப்பா."

பிரிஜெட்டை அழைத்துவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். கிளறுவது போல முழங்கையை மடித்துக் காட்டச் சொன்னார் மேஸ்திரி. அவள் சின்னப் பெண்ணைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு காட்டினாள். கைக்குக் கீழே கரிக்கோடு விழுந்தது.

எல்லாமாக ஒன்றரை நாள் வேலை. கூடத்தில் கணப்பின் வாய்க்கு ஒரு தகடு அடித்து மூடியாயிற்று. ரெமிஜியஸ் அதற்குக் கறுப்புச் சாயம் பூசினார். ஆண்டவர் இடம் மாறவில்லை. பங்குச் சாமியார் அடுத்த முறை வந்தபோது வித்தியாசமே தெரியவில்லை என்றார்.

புது அடுப்பில் முதல் சோற்றை ரெமிஜியஸ்தான் வடித்தார். மேடை அவர் தொடைக்குத்தான் வந்தது. குனிந்து ஊதினார், குனிந்து கிளறினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கூடத்திலிருந்து பிரிஜெட் சுவரைத் தடவிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"புகை போகுதாங்க?"

"போகுது."

"நெஜமா?"

"மேல போகுது, பிரிஜெட். எல்லாமே மேலதான் போகுது."

அவள் வந்து மேடை விளிம்பைக் கையால் தேடினாள். கிடைத்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்துப் பார்த்தாள். "சரியான ஒசரம்" என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தாள், முதுகு நேராக. பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"சோறு அடி பிடிக்குது. விறகை வெளிய இழுங்க."

ரெமிஜியஸ் குனிந்தார்.