இருபத்து நான்காவது நாள்

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஜோசலினுக்கு என் கணக்கின்மேல் அபார நம்பிக்கை. சேலையூரில் பதினைந்து வருடமாக டியூஷன் எடுப்பவன் தப்பாகச் சொல்ல மாட்டான் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

அவள் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு உதவியாளர். ஐந்து நாள் வேலை, ஆறாம் நாள் லீவு. கணவன் ஆரோனுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி. ஏழு நாள் வேலை, எட்டாம் நாள் லீவு. கல்யாணமாகி நாலு மாதமாகியும் இருவருக்கும் ஒரே நாளில் லீவு வாய்க்கவில்லை. அவள் திரும்பும் நேரத்தில் அவன் பஸ் பிடிக்க ஓடுவான். படிக்கட்டில் நின்று பேசியதுதான் அவர்கள் குடித்தனம்.

எப்போது சார் சேர்ந்து வரும் என்று ஒருநாள் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. ஆறுக்கும் எட்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு இருபத்து நான்கு. இருபத்து நான்கு நாளுக்கு ஒருமுறை வந்தே தீரும் என்றேன். அவள் கோவளம் போகத் திட்டம் போட்டாள்.

ஐம்பது நாள் போயிற்று. கடைசியில் மாதக் காலண்டரோடு இறங்கி வந்தாள். அவள் லீவுக்குச் சிவப்பு வட்டம்: ஒன்று, ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது, இருபத்தைந்து. ஆரோனுக்கு நீலம்: இரண்டு, பத்து, பதினெட்டு, இருபத்தாறு.

“இதுல எங்க சார் ஒண்ணா வருது?”

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறையும் எட்டையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண் இரண்டு. அதனால் இவர்கள் லீவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டிரண்டாகத்தான் மாறும். ஒரு நாள் வித்தியாசத்தில் தொடங்கியது பூஜ்யமாகவே ஆகாது. எந்த நாளில் தொடங்கியது என்று பார்க்காமல் அளந்துவிட்ட வாத்தியார் நான். வெட்கமாக இருந்தது.

யாராவது ஒருவர் ஒரே ஒரு நாள் தள்ளிக்கொண்டால் போதும். ஆரோன் கம்பெனியில் முடியாது என்றுவிட்டார்கள். ஜோசலினுக்கு மறுநாள் லீவு எடுப்பவர் அதே வார்டின் கங்கம்மா. வார்டில் அவரிடம் வாய் கொடுக்க எல்லோருக்கும் பயம். ஜோசலின் காலண்டரை நீட்டி, இனிமேல் நாளை மாற்றிக்கொள்ளலாமா அக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள். கங்கம்மா அதைப் பார்க்கக்கூட இல்லையாம்.

“எட்த்துக்கோ. எனுக்கு எந்த நாளா இருந்தா இன்னா? சேந்து லீவு போட வூட்ல வேற யாரு கீறாங்க?”

ஜோசலின் இதை என்னிடம் வந்து சொன்னாள். ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பொது மடங்கு காண முடியாது. இத்தனை வருடத்தில் அந்தக் கணக்கை நான் யோசித்ததே இல்லை.

இருபத்தாறாம் தேதி ஜோசலினும் ஆரோனும் வீட்டில் இருந்தார்கள். கோவளம் போகவில்லை. பத்து மணி வரை தூங்கினார்கள். பிறகு மீன் குழம்பு வாசனை கீழே வரை வந்தது. ஒரு மணிக்குத் தூக்குவாளியோடு இறங்கினார்கள். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்றேன்.

“அக்காவுக்கு இன்னைக்கு டியூட்டி சார். சேர்ந்து சாப்பிடப் போறோம்.”

ஆரோன் கையிலிருந்த பையில் மூன்று தட்டுகள் இருந்தன.