தரையில் தவழும் ஸ்பீக்கர்காரர்

கீழ் வீட்டுக் காவல்காரர் தலை வைத்துப் படுக்கிற இடத்தில் ஸ்பீக்கர்காரர் தன் தலையை வைத்துப் படுத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். மாடி வீட்டில் அப்போதுதான் மாட்டிவிட்டு வந்த ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு கீழே வரவில்லை. அதன் தும் தும் மட்டும் சுவர் வழியாக இறங்கிக் கட்டில் காலில் ஏறியது. காவல்காரருக்கு ராத்திரியெல்லாம் வேலை, பகலில்தான் உறக்கம். "லைன் செக் பண்ணணும்ணே, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லித்தான் இவர் உள்ளே நுழைந்திருந்தார். எழுந்து மாடிக்குப் போனார். பையிலிருந்து ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்து நாலு துண்டாக அறுத்து, பெரிய பெட்டியின் நாலு காலுக்கும் அடியில் கொடுத்தார். சத்தம் கூட்டுகிற திருகின் ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். "இந்தப் புள்ளியைத் தாண்டினா பெட்டி சூடாயிடும் சார்" என்று மாடி வீட்டுக்காரரிடம் சொன்னார். பெட்டி சூடாகாது. தன் தூக்கத்துக்காக ஒரு மனிதர் பொய் சொன்னது காவல்காரருக்கு இன்று வரைக்கும் தெரியாது.

தெருவில் அவருக்குத் 'தவழ்ற அண்ணன்' என்று பெயர். நாற்பத்தைந்து வயது, முன் வழுக்கை, முழங்காலில் மட்டும் வெளுத்துப் போன பேண்ட். ஸ்பீக்கர் மாட்டப் போகிற வீட்டில் முதல் வேலையாக, கேட்கிறவர் உட்காரும் நாற்காலியில் பெரிய பெட்டியைத் தூக்கி உட்கார வைத்துவிடுவார். அதைப் பாட விட்டு, தான் நாலு காலில் சுவரோரமாகத் தவழத் தொடங்குவார். காது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். தும் தும் சத்தம் ஒரு மூலையில் குடத்துக்குள் பேசுவதுபோல் உருளும்; இன்னோரிடத்தில் செத்துப் போகும். எங்கே உருளாமலும் சாகாமலும் ஒழுங்காகக் கேட்கிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. பெட்டிக்கு அதுதான் இடம்.

"நாற்காலியில பெட்டி, பெட்டி எடத்துல நான். எனக்கு எங்க நல்லாருக்கோ அங்க பெட்டிய வச்சா, நாற்காலிக்கு நல்லாருக்கும். இடத்த மாத்திக்கிட்டாத்தான் அடுத்தவங்க கஷ்டம் தெரியும், அவ்ளோதான்" என்பார். வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

அவருடைய கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. உள்ளே போகப் போகக் கூரை இறங்கும். பின்வரிசைப் பெட்டியை எடுக்க அங்கேயும் தவழத்தான் வேண்டும். வைத்திருப்பதெல்லாம் நடுத்தர வீட்டுக்காரர் வாங்கக்கூடிய சரக்கு. மேசை மேல் வைக்க இரண்டு சின்னப் பெட்டி, தரையில் வைக்க, தும் தும் சத்தத்துக்கென்று ஊஃபர் எனும் ஒரு பெரிய பெட்டி. வருகிறவரிடம் எவ்வளவுக்கு வேண்டும் என்று முதலில் கேட்க மாட்டார். "யாரு கேக்கப் போறா? எங்க உக்காந்து? சுவத்துக்கு அந்தாண்ட யாரு இருக்கா?" என்பார். ஒருவர் அட்டைப்பெட்டியில் அச்சடித்த வாட்ஸ் கணக்கைக் காட்டி வாயைப் பிளந்தால், "அட்ட மேல எழுதறதுக்கு மை இருந்தாப் போதும் சார். தூக்கிப் பாருங்க. கனம் இல்லாதது பெட்டி இல்ல, டப்பா" என்று கையில் கொடுத்துவிடுவார். தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விரல் முட்டியால் பலகையைத் தட்டிக் காட்டுவார்.

சோதித்துக் காட்ட அவரிடம் பாட்டு கிடையாது. அவருடைய மனைவி அவரைத் திட்டியது போனில் பதிவாகி இருக்கிறது. அதைத்தான் போடுவார்.

"குழாயத் தொறந்து போட்டாச்சு, ஈரத் துண்டு கட்டில் மேல. உங்களுக்குப் பதிலா ஒரு எருமைய வளத்திருந்தா, கூப்பிட்டாத் திரும்பியாவது பாத்திருக்கும்!" கடைசியில் ஒரு தட்டு விழுகிற சத்தமும் உண்டு.

"இவ திட்டறது தெளிவாக் கேட்டா உலகத்துல எல்லாம் தெளிவாக் கேக்கும்" என்பது அவர் கணக்கு. கடைக்கு வரும்போது அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு, "என் வாயால எத்தன பெட்டி வித்திருக்கு, எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்பதுண்டு.

அந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் தையற்காரம்மா வந்தாள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்துவிட்டாள். எடுத்த எடுப்பில், "இருக்கறதுலயே பெரிய சத்தம் வர்ற பெட்டியாக் குடுங்க தம்பி" என்றாள்.

"யாருக்குக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே கேக்கலங்கறாரு."

அவள் சொன்னது பாதிதான். மீதியை அவள் தினமும் விளக்கேற்றிக் கடவுளிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய ஒரே மகள் இரண்டு வருஷத்துக்கு முன்பு, வீட்டில் சொல்லாமல் தன் மனதுக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு தூர தேசத்துக்குப் போய்விட்டாள். அவள் விட்டுப்போன கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். லைன் மெதுவு. முகம் ஒரே படமாக நின்றுவிடும், குரல் மட்டும் வரும். "என்னை மன்னிச்சிடுங்கப்பா" என்று அந்தக் குரல் எத்தனையோ ஞாயிறு கெஞ்சியிருக்கிறது. அப்பா, வீட்டை ஒட்டிய பட்டறையில் தகரம் அடித்து வாளியும் புனலும் செய்கிறவர், திரையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். பிறகு எழுந்து போய்விடுவார். "கல்லுகூடக் கரைஞ்சிருக்கும்" என்று தையற்காரம்மா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு மெஷினிடம் முணுமுணுப்பாள். அவர் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

போன வாரம் மகள் சொல்லிவிட்டாள்: "அப்பாவ உக்கார வச்சுக் கொடுமப்படுத்த வேணாம்மா. இனிமே உன் போன்ல மட்டும் பேசறேன்." ஒரே ஒரு ஞாயிறு பொறுத்துக்கொள் என்று இவள் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் கேட்கவில்லை என்று அவர் சொல்வது சாக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றும். ஆனாலும் அந்தச் சாக்கையும் அடைத்துவிட்டால் மனுஷன் என்னதான் சொல்வார், பார்த்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் ஸ்பீக்கர்காரர் வீட்டுக்கு வந்தார். தெருமுனையிலேயே அவருக்கு அந்த வீட்டுப் பேச்சு கேட்டது. உப்பு எங்கே என்று கேட்பதைக்கூட அங்கே கூவித்தான் கேட்டார்கள். பெட்டியை நாற்காலியில் வைத்தார், தவழ்ந்தார், கோடு போட்டார். தகரக்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூலையில வச்சா நல்லா அதிருமே தம்பி?"

"அதிரும்ணே. அதிர்றதுக்கு உங்க பட்டற இருக்கே. இது பேச்சு கேக்கறதுக்கு."

ஒயரின் பச்சை முனையைக் கம்ப்யூட்டரின் பச்சை ஓட்டையில் சொருகி, ஒயரை மேசைக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, வழக்கமான திட்டைப் போட்டார். எருமை வந்தபோது தையற்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தகரக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இடைவெளி. காதை வைத்துப் பிழைக்கிறவர் அதைக் கவனித்துவிட்டார்.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்று அவளை அடுக்களைக்கு அனுப்பினார். அதையே மறுபடியும் போட்டார். இந்தத் தடவை பார்த்துச் சிரிக்க எதிரில் முகம் இல்லை. தகரக்காரர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தட்டு விழுந்ததற்கு மட்டும் புருவம் அசைந்தது.

தண்ணீர் வந்தது. குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரூம் சரியில்ல. தும்மு தும்முன்னு வர்றத விட்டுடுது, பொம்பளக் குரலப் பூரா சுவரு முழுங்கிடுது."

தகரக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். "கேட்டியா? ரெண்டு வருஷமாச் சொல்றேன், நம்புனியா நீ?"

"ஆமா, சுவரு முழுங்குதாம், நீங்க கண்டீங்க" என்றாள் அவள். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஸ்பீக்கர்காரர் பெரிய பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ஊஃபர் திருகைப் பெரும்பாலும் குறைத்தார். கீச்சுக் குரலைத் தூக்குகிற திருகை நன்றாகக் கூட்டினார். தையற்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"பெரிய பெட்டிக்குத்தானே தம்பி ஆசப்பட்டேன். அத ஊமையாக்கிட்டீங்களே!"

"ஊமை இல்லக்கா. பேசறவங்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நிக்குது."

சின்னப் பெட்டி இரண்டும் மேசை மேல் வெறுமனே இருந்தால் நெஞ்சுக்குத்தான் பேசும், காதுக்கு நேரே வர வேண்டும் என்றார். கைக்கெட்டும் தூரத்தில், உட்காருகிறவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி நிற்க வேண்டும். தகரக்காரர் அளவு நாடாவை மனைவி கழுத்திலிருந்து உருவினார். ஒரு மணி நேரத்தில் பட்டறையிலிருந்து இரண்டு தகரப் பீடங்களோடு திரும்பி வந்தார். ஓரம் மடித்து, கையில் கீறாமல், எடுப்பாக இருந்தன. ஸ்பீக்கர்காரர் தட்டிப் பார்த்தார். கணீர் என்றது.

"வேல சுத்தம்ணே. ஆனா இதுவே பேச ஆரம்பிச்சிடும். உள்ள மணல் ரொப்பிட்டா வாய மூடிக்கும்."

மணல் ரொப்பினார்கள். பீடம் வாயை மூடிக்கொண்டது.

படியிறங்கும்போது அவர் தையற்காரம்மாவிடம் தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணன்கிட்டப் பேசும்போது எதிர்ல போய் நின்னு பேசுங்கக்கா. முதுகுப் பக்கமிருந்து வேணாம். அவராக் கேட்டா ஒரு நாள் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. நீங்களா ஆரம்பிக்க வேணாம்."

அவர் போன பிறகும் அவள் படியிலேயே நின்றாள். முப்பது வருஷத் தகரச் சத்தம். அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டுப் போட்டுப் பழகிய வீடு. எல்லாரும் கத்திப் பேசுகிற இடத்தில் ஒருவருக்குக் காது மங்குவது எப்படித் தெரியும்? அடுக்களையிலிருந்து அவள் கேட்டு அவர் பதில் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கோபக்காரர், கல் நெஞ்சு, எத்தனை பெயர் வைத்திருந்தாள்! "கடவுளே, இவரை இளக்குன்னு உங்கிட்டக் கேட்டேனே, என் கண்ணையில்ல நீ தொறந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு, மகள் கம்ப்யூட்டரில் வந்தாள். சன்னமான குரலில், அம்மாவுக்கு மட்டும் என்று நினைத்துக் கேட்டாள்: "அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"

"இருக்கேன். சொல்லு" என்றார் தகரக்காரர். தன் வாயிலிருந்து வந்த வேகம் அவரையே திடுக்கிட வைத்தது. இவரே மறுபடி, "என்ன, சளியா? கொரல் கட்டியிருக்கே" என்றார். அன்று சளியைப் பற்றியும் அந்த ஊர்க் குளிரைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். தையற்காரம்மாவுக்கு அதுவே போதும் போலிருந்தது. மகளும் போனில் மட்டும் பேசுகிற யோசனையை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

புதுச் சத்தத்துக்குக் காது பழக இரண்டு வாரம் ஆகும், அதற்குப் பிறகு திருகை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்பது ஸ்பீக்கர்காரரின் வழக்கம். கூலி கேட்க மாட்டார். அப்படி ஒரு ஞாயிறு மாலை வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே சண்டை.

"சொல்லாமப் போனல்ல நீ? பெத்தவன் செத்துட்டானா? ரெண்டு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, தப்புன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"எத்தன தடவப்பா சொல்லியிருக்கேன்! வாராவாரம் சொன்னேன். நீங்கதான் தலைய ஆட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்க. நான் இங்க உக்காந்து அழுவேன்."

தையற்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க. அதக் கொஞ்சம் கொறச்சு வைங்க. பேசிப் பேசி எல்லாத்தையும் ஒடச்சிடுவாங்க போலிருக்கு."

அவர் அசையவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பெட்டி பார்க்கிற அதே கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தகரக்காரரின் குரல் வந்தது. அந்த வீட்டில் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"எனக்கு... காது கேக்கலம்மா. ரொம்ப நாளாவே கேக்கல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அந்தப் பக்கம் மகள் அழுவது ஒரு இழை பிசகாமல் வாசல் வரைக்கும் வந்தது. தையற்காரம்மா உள்ளே ஓடப் போனாள். ஸ்பீக்கர்காரர் அவளை மறிக்கிற மாதிரி லேசாகக் கையை நீட்டினார். மற்றக் கையில் இருந்த திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குனிந்து, படியில் சத்தம் வராதபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இப்ப யாரும் உள்ள போக வேணாம்க்கா" என்றார் தணிந்த குரலில். "நான் வந்ததாவே இருக்க வேணாம்."